நான் சுற்றிய காயிலும் கொல்லிமலைக் குச்சிக்காடும்

கோயம்புத்தூரில் கணபதி என்கிற பகுதியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலையில் எனக்கு இருபத்தாறு வருஷம். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், கல்யாண மண்டபத்து கிரைண்டர் மோட்டார் என்று என் கைக்கு வராத மோட்டார் இல்லை. கருகிப்போய் வந்ததையெல்லாம் பிரித்து, புதுக் கம்பி சுற்றி, ஓடவைத்து அனுப்பியிருக்கிறேன். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். கேட்டால்தான் சொல்வேன் என்றெல்லாம் நடிக்க மாட்டேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஆனால் தங்கம் தேடும் காயிலைச் சுற்றியது இந்த வருஷம்தான். அதற்குக் காரணம் என் தம்பி முருகேசன். அவன் ஆஸ்திரேலியாவில் சுரங்க லாரி ஓட்டுகிறான். லீவு நாளில் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு செம்மண் காட்டில் தங்கம் தேடப் போவது அங்கே, நம் ஊரில் தூண்டில் எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போவதுபோலச் சாதாரணமாம். மகளுக்குக் காது குத்த ஊருக்கு வந்தவன் அந்த டிடெக்டரையும் கொண்டு வந்திருந்தான். நீளக் கம்பின் நுனியில் சாப்பாட்டுத் தட்டுபோல வட்டமாக ஒன்று. அதை மண்ணுக்கு மேல் ஆட்டிக்கொண்டே நடந்தால், உள்ளே இருப்பதைச் சத்தம் போட்டுச் சொல்லும்.

"இந்தத் தட்டுக்குள்ள என்னடா இருக்குது?" என்று கேட்டேன்.

"காயிலுதாங்க்கா. வெறும் செம்புக் கம்பி."

"அவ்வளவுதானா? இதை நான் சுத்த மாட்டனா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. பத்து நாள் ஆனது. முதல் இரண்டும் குப்பைக்குப் போயின. மூன்றாவதை, கம்பியோடு கம்பி ஒட்டாமல் சிலந்தி வலைபோல இடைவெளி விட்டுச் சுற்றினேன். மோட்டாருக்குச் செய்வதுபோலவே வார்னிஷில் முக்கிச் சூடேற்றிக் காயவைத்தேன். சீர்வரிசைக்கு வைக்கிற சின்ன பிளாஸ்டிக் தட்டு இரண்டை வாங்கி, நடுவில் வைத்து ஒட்டினேன். முருகேசன் பார்த்துவிட்டு, "வெத்தலை பாக்கு மட்டும்தான் பாக்கி" என்று சிரித்தான்.

என் கடைக்குப் பின்னால் ஆட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் கத்தியது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "இரும்பு கலந்த செம்மண்ணுல பாக்கோணுங்க்கா. அங்க மண்ணே கத்தும். அந்தக் கத்தலுக்குள்ள தங்கம் தனியாக் கேட்டாத்தான் காயிலு" என்றான். செம்மண் என்றதும் எனக்கு ஸ்டெல்லா ஞாபகம் வந்தது. என்னோடு பத்தாவது வரை படித்தவள், இப்போது கொல்லிமலையில் அரசாங்க நர்ஸ். யூனிஃபார்மில் ஏறின செம்மண் கறை போகவே மாட்டேன் என்கிறது என்று ஒவ்வொரு போனிலும் புலம்புவாள். போன் போட்டுக் கேட்டேன். "வாடீ, கறையை நீயும் கொஞ்சம் எடுத்துட்டுப் போ" என்றாள்.

காளப்பநாயக்கன்பட்டியில் டீ குடித்துவிட்டு மலை பஸ் ஏறினோம். டிடெக்டரைப் பிரித்துச் சாக்கில் கட்டியிருந்தோம். கண்டக்டர் சாக்கைக் காலால் நெம்பிப் பார்த்து, "ஏனுங்க, களை வெட்டற மிசினுங்களா?" என்றார். தங்கம் தேடுகிற மிஷின் என்று நான் உண்மையைச் சொன்னேன். "அப்படீங்களா? இந்தப் பஸ்ஸு சீட்டுக்கடியில வருசக்கணக்கா எத்தனையோ தோடு, திருகாணி விழுந்து கெடக்குதுங்க. மொதல்ல அதைத் தேடிக் குடுங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது.

எழுபது கொண்டை ஊசி வளைவு என்பார்கள். நான் எண்ணவில்லை, எண்ணுகிற நிலைமையில் தம்பி என்னை விடவில்லை. வீடு உயர லாரியைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிறவன், இருபதாவது வளைவுக்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டுவிட்டான். பின் சீட்டில் இருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி மடியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டினாள். "கசக்கி மோந்துக்கோ கண்ணு. எறங்கற வரைக்கும் வெளிய பாக்காத." நாற்பது வயசுக் கண்ணு, சொன்னபடி கேட்டு மூக்கில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்து வந்தது. நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

சோளக்காட்டில் இறங்கியதும் அவனுக்கு உயிர் வந்தது. மலைவாழை, மிளகு, அறுத்து வைத்த பலா, அன்னாசி என்று கடைகள். கோயம்புத்தூரில் வண்டியில் விற்கிற அன்னாசியை நாக்கு கூசக் கூசத் தின்றே பழகிய எனக்கு, இங்கே தின்ற துண்டு வேறு பழமாக இருந்தது. உப்பும் மிளகாய்த்தூளும் கேட்டேன். கடைக்காரம்மா, "புளிக்கற பழத்துக்குத்தானுங்க அதெல்லாம்" என்று சொல்லிவிட்டாள்.

ஸ்டெல்லா குடியிருப்பது பாவாயி என்கிற மலைக்காரம்மாவின் வீட்டில் ஒரு பகுதி. மிளகும் குச்சிக்கிழங்கும் போடுகிறவர். குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளி, இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அன்று சாயங்காலம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் அவர் வீட்டிலிருந்தே வந்தன. வீட்டுக்குப் பின்னால் உழுது போட்டிருந்த அவருடைய காட்டில் மிஷினை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"எங்க காட்டுல பொன்னு இருந்தா நான் எதுக்குங்க ஏணி வெச்சு மொளகு பறிக்கறேன்? பாருங்க, பாருங்க. கெடச்சா எனக்கும் சொல்லுங்க" என்றார் பாவாயி.

"இந்தக் காட்டோட நிறுத்திக்கோங்க. மரங்கள் பக்கம் மிஷினோட போனா ஃபாரஸ்ட்காரங்ககிட்ட நான் பதில் சொல்ல முடியாது" என்றாள் ஸ்டெல்லா.

மறுநாள் காலை காட்டுக்குப் போனோம். அப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததில்லை. மண்ணில் கறுப்புக் கறுப்பாக இரும்புக் கற்கள் வேறு. முருகேசன் ஒன்றைக் கையில் எடுத்துக் குலுக்கி, "ஆகா அக்கா, எங்க ஊரு மண்ணு மாதிரியே இருக்குது" என்றான். எங்க ஊர் என்று அவன் சொன்னது ஆஸ்திரேலியாவை. எனக்குச் சுருக்கென்றது, ஆனால் பரீட்சை நாளில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தான். பஞ்சுக்கு நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவுக்குத் தங்கம். இரண்டு வருஷம் வெறும் கையோடு திரும்பித் திரும்பி, கடைசியில் அவன் கையாலேயே தோண்டி எடுத்த முதல் தங்கம். வரும் வெள்ளிக்கிழமை மகளுக்குக் காது குத்து. அதற்கு முன்னால் ஆசாரியிடம் கொடுத்து, மகள் தோட்டில் இதையும் உருக்கிச் சேர்க்க வேண்டும். மண்ணில் கிடந்த தங்கத்தை இப்படி அசலாகப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

"இதைப் புதைச்சுப் பாப்பமா, இல்ல உன் மோதிரம் போதுமா?" என்று கேட்டான்.

"மோதிரத்துல செம்பு கலந்திருக்கும்டா. பரீட்சைன்னா அசல் பரீட்சை."

"அப்ப நூல் ஒண்ணு கட்டிக்கலாங்க்கா. பொடிசு, தவறிப் போயிரும்."

"நூல் கட்டினா கை தானா அங்க போவும். அப்பறம் காயிலு எதுக்கு?"

இதையெல்லாம் சொன்னது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஒரு சாண் ஆழத்தில் தங்கத்தை வெறுமனே போட்டு மூடினோம். முதலில் அவனுடைய கம்பெனி காயில். மண் கத்தலுக்கு நடுவே, மெல்லிசாக, ஆனால் தெளிவாக ஒரு சத்தம். "பாத்தியா" என்றான். பிறகு என் தட்டை மாட்டினான். கொர்ர்ர் என்று ஒரே இரைச்சல். ஆட்டினாலும் இரைச்சல், சும்மா பிடித்தாலும் இரைச்சல். தங்கமாவது மண்ணாங்கட்டியாவது, ஒன்றும் கேட்கவில்லை.

"பரவாயில்ல விடுக்கா. கம்பெனிக்காரன் எத்தனை வருசம் ஆராய்ச்சி பண்ணியிருப்பான்" என்று முருகேசன் ஆறுதல் சொன்னான். அவன் கிண்டலடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆறுதல் சொன்னது குத்தியது.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. மலை மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. மிஷின் நனையக்கூடாதே என்று சாக்கைப் போர்த்தினோம். தங்கத்தைத் தோண்டி எடுக்க நேரமில்லை. காட்டோரம் கட்டி வைத்திருந்த குச்சிக் கட்டிலிருந்து ஒரு முழக் குச்சியை உருவி, புதைத்த இடத்தில் அடையாளத்துக்கு ஆழமாகக் குத்திவிட்டு ஓடினேன். மழை விட்டபோது மூடுபனி இறங்கி எதிரில் இருந்த பலாமரமே தெரியவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம், தங்கத்துக்குக் காலா முளைத்திருக்கிறது என்று சொன்னதும் நான்தான்.

அன்று சாயங்காலம் தட்டுகளை நெம்பிப் பிரித்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. வெளி இரைச்சல் உள்ளே வராமலிருக்க ஒரு மெல்லிய செம்புத் தாள் சுற்றி, அதிலிருந்து ஒரு கம்பியைப் பற்றவைத்திருந்தேன். பஸ் குலுக்கலில் அந்தப் பற்று விட்டுப்போயிருந்தது. அப்பாடா என்று இருந்தது. என் சுற்றில் குற்றமில்லை. சால்டரிங் மிஷின் இல்லையே என்றாள் ஸ்டெல்லா. அவள் கேஸ் அடுப்பில் ஒரு ஸ்குரூ டிரைவரைச் சிவக்கக் காய்ச்சி, என் பையில் எப்போதும் கிடக்கிற ஈயத்தை வைத்துப் பற்றவைத்தேன். முருகேசன் செல்போன் வெளிச்சம் காட்டினான்.

மூன்றாம் நாள் காலை. புட்டும் மலைவாழைப்பழமும் தின்றுவிட்டுத் தெம்பாக மேட்டில் ஏறினோம். ஏறியவர்கள் அப்படியே நின்றுவிட்டோம்.

காடு முழுக்கக் குச்சி. வரிசை வரிசையாக, இரண்டரை அடிக்கு ஒன்று, எல்லாம் ஒரே உயரம். ஏழெட்டுப் பெண்கள் கடைசி வரிசையை நட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் மழையில் மண் பதமாகிவிட்டது என்று விடிந்ததும் ஆள் கூட்டி வந்து நட ஆரம்பித்திருக்கிறார் பாவாயி. குச்சிக்கிழங்கு நடுவதென்றால் குச்சியை நறுக்கி மண்ணில் குத்துவதுதான். அது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். நட வைத்திருந்த கட்டிலிருந்தே ஒன்றை உருவி அடையாளம் வைத்த அறிவாளியும் நான்தான்.

"நேத்து இங்க ஒத்தைக் குச்சி ஒண்ணு நின்னுதுங்களே?" என்று பாவாயியிடம் கேட்டேன்.

"ஆமாங்க, நின்னுது. ஆருன்னு தெரியல, மொளை வர்ற கண்ணு கீழ பாக்கத் தலைகீழாக் குத்தி வெச்சிருந்தாங்க. அப்படி நட்டா எங்கீங்க மொளைக்கும்? புடுங்கித் திருப்பி வரிசையில நட்டுட்டேன்."

அந்த ஆரு நான்தான் என்று சொன்னேன். உள்ளே என்ன கிடக்கிறது என்பதையும் சொன்னேன். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வாயில் கையை வைத்தார்கள். முருகேசன் காலி டப்பாவைத் திறந்து பார்த்தான், மூடினான், மறுபடி திறந்தான். நூல் கட்டலாம் என்றானே, கேட்டேனா நான்? காது குத்துக்கு மாமன் சீருக்கு அடுத்து அத்தை சீர் கொண்டு போக வேண்டியவள், இருந்த தங்கத்தையும் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

"தேடுங்க சாமி. மண்ணு எங்க போயிரும்?" என்றார் பாவாயி. "ஆனா ஒத்தைக் குச்சி அசையக்கூடாது. நட்ட அன்னைக்கே அசைச்சா வேர் புடிக்காதுங்க. இது எங்க ஒரு வருசத்துப் பாடு."

பலாமரத்திலிருந்து பதினாலு தப்படி என்று எனக்கு ஞாபகம். முருகேசன் தப்படிக்கும் என் தப்படிக்கும் வித்தியாசம் இருந்ததால், கல்யாணப் பந்தல் அகலத்துக்கு இடம் விரிந்தது. போதாக்குறைக்கு நடும்போது களைக்கொத்தால் மண்ணை அங்குமிங்கும் இழுத்திருந்தார்கள்.

முதலில் கம்பெனி காயிலைத்தான் மாட்டினான். என் காயில்மேல் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அது அகலமான தட்டு. வரிசைக்குள் நுழைத்து ஆட்டினால் ஏதாவது ஒரு குச்சியில் லேசாக உரசும். உரசின உடனே வீல் என்று கத்தும். தங்கத்துக்குக் கத்துகிறதா குச்சிக்குக் கத்துகிறதா என்று யாருக்குத் தெரியும்? அவன் ஒவ்வொரு கத்தலுக்கும் உட்கார்ந்து மண்ணைக் கிளறினான். ஒன்றுமில்லை. பாவாயி பின்னாலேயே நடந்து, "குச்சி, குச்சி, குச்சி பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெண்களில் ஒருத்தி, "ஆட்டுக்குட்டியை வாலப் புடிச்சு இழுத்த மாதிரியல்ல கத்துது" என்றாள்.

மதியம் ஆனது. அவித்த கிழங்கும் பச்சைமிளகாய்ச் சட்னியும் வந்தன. முருகேசன் தொடவில்லை. வரப்பில் உட்கார்ந்து, "போகட்டுங்க்கா. கடையில வாங்கிக்கறேன்" என்றான். கடையில் விற்கிற தங்கம் அந்தத் தங்கம் ஆகாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எந்திரி. என் தட்டை மாட்டு" என்றேன்.

வளையல், மோதிரம், மெட்டி மூன்றையும் கழற்றி ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். மத்தியானத்தோடு டியூட்டி முடித்து ஓடி வந்திருந்தாள். தாலியை முதுகுப் பக்கம் தள்ளி ரவிக்கைக்குள் செருகினேன். பெண்களைப் பார்த்து, "மெட்டி போட்டவங்க எல்லாம் பலாமரத்துக்கு அந்தப் பக்கம் போயிருங்க, இது வெள்ளிக்கும் கத்தும்" என்றேன். எல்லோருமே மெட்டி போட்டவர்கள். சிரித்துக்கொண்டே கூட்டமாக நகர்ந்தார்கள். பாவாயி மட்டும் நகரவில்லை. குச்சியைக் காவல் காக்க வேண்டுமே.

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மிஷினை நானே பிடித்தேன். இரைச்சல் இல்லை. மண்ணின் சத்தம் மட்டும் உம்மென்று சீராக வந்தது. என் தட்டு சின்னது, இரண்டு வரிசைக்கு நடுவில் நிம்மதியாகப் போனது. நாலாவது குச்சியில் கை தவறி டொக்கென்று இடித்துவிட்டேன். பாவாயி "அய்யோ" என்றார். ஆனால் காயில் வாயே திறக்கவில்லை. இன்னொரு தடவை வேண்டுமென்றே தட்டை என் முழங்காலில் இடித்துப் பார்த்தேன். கப்சிப்.

முருகேசன் ஹெட்போனின் ஒரு காதைப் பிடுங்கிக் கேட்டான். "எப்படிக்கா? இடிச்சா கத்தோணுமே?"

எப்படியா? மோட்டார் ஓடும்போது உள்ளே கம்பி மயிரிழை அசைந்தாலும் உரசி எரிந்துபோகும். அசையக்கூடாது என்றுதான் வார்னிஷில் முக்கிச் சூடு காட்டுவது. இருபத்தாறு வருஷமாக என் கை அதைத்தான் செய்கிறது. இந்தக் காயிலுக்கும் பழக்கதோஷத்தில் அப்படியே செய்திருந்தேன். கம்பி அசையவில்லை, அதனால் கத்தவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த கர்வத்தை அளக்கத் தராசு கிடையாது.

கர்வம் மட்டும் தங்கத்தைத் தேடித் தருமா? முதலில் ஒரு துருப்பிடித்த ஆணி. அப்புறம் சோடா மூடி. அப்புறம் உடைந்த கொத்து ஒன்றின் முனை. "அதைக் குடுங்க, போன வருசம் தேடுனேன்" என்று பாவாயி வாங்கி வரப்பில் போட்டுவிட்டு வந்தார். மூன்று வரிசை முடிந்தது. நாலாவது வரிசையில், ஒரு குச்சியை ஒட்டினாற்போல, கொசு காதோரம் போகிற அளவுக்கு ஒரு சத்தம். நின்றேன். மறுபடி ஆட்டினேன். அதே இடம், அதே கொசு. குறுக்கே திரும்பி நின்று ஆட்டினேன். அதே கொசு.

"குச்சிக்கு அடியிலீங்களா?" பாவாயிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஓரத்துலதான். குச்சியைத் தொட மாட்டேன்" என்றேன்.

அவர் நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து குச்சியை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். நான் மண்வெட்டி வேண்டாம் என்று விரலால் மண்ணைச் சுரண்டி, பிளாஸ்டிக் டம்ளரில் அள்ளினேன். டம்ளரைக் காயிலுக்கு மேல் காட்டினேன். கத்தியது! பாதி மண்ணை என் கையில் கொட்டிவிட்டு மறுபடி காட்டினேன். டம்ளர் மௌனம். அப்படியானால் கையில். கையிலிருந்ததில் பாதியைக் கீழே விட்டேன். கடைசியில் என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை செம்மண்தான் மிச்சம். ஸ்டெல்லா தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தாள். செம்மண் விரலிடுக்கில் வழிந்து ஓட, மஞ்சளாக ஒரு துவரம்பருப்பு கையில் நின்றது.

பலாமரத்தடியிலிருந்து கூச்சல் எழுந்தது. மெட்டிக்காரிகள் எல்லோரும் குச்சி மிதிபடாமல் வரிசைக்குள்ளேயே ஓடி வந்தார்கள். முருகேசன் தங்கத்தை வாங்கவில்லை. என் கையை அப்படியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டே, "கம்பெனிக்காரன் எத்தனை வருசம்டா ஆராய்ச்சி பண்ணுனான்?" என்று கேட்டேன். கேட்காமல் எப்படி இருப்பது?

பாவாயி அந்தக் குச்சியைச் சுற்றி மண்ணை அணைத்து மிதித்துவிட்டு எழுந்தார். "இந்த மிசினுத் தட்டு எந்த ஊருல செஞ்சதுங்க?" என்று முருகேசனைக் கேட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவன் என்பதால், அங்கே செய்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"எங்கக்கா சுத்துனதுங்க" என்றான். ஒரு தடவை சொன்னது போதவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி, "எங்கக்கா, கையாலயே சுத்துனதுங்க" என்று மறுபடி சொன்னான்.

டிடெக்டரைப் பிரிக்கும்போது கம்பெனி காயிலைச் சாக்கில் போட்டான். என் தட்டை மடியில் வைத்துத் துடைத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேரு இல்லையேக்கா. இதை நான் அங்க கொண்டு போறேன். அவனுங்க ஆரு செஞ்சதுன்னு கேப்பானுங்க. எழுதிக் குடு" என்றான். ஸ்டெல்லா பையிலிருந்து பேனா ஒன்றை எடுத்தாள். சொட்டு மருந்து குடித்த குழந்தையின் சுண்டு விரலில் மை வைக்கிற பேனா. லேசில் அழியாது.

ஆயிரக்கணக்கான மோட்டார் சுற்றியிருக்கிறேன். எல்லாவற்றின் மேலும் ஏதோ ஒரு கம்பெனி பேர்தான் இருந்தது. என் பேரை எழுதச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை, எழுதலாம் என்று எனக்கும் தோன்றியதில்லை. சரஸ்வதி என்று தமிழில் எழுதி, கீழே கணபதி, கோயம்புத்தூர் என்று போட்டேன்.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பாவாயிக்கு அது சரியாகப் படவில்லை. "ஏனுங்க, கண்டுபுடிச்சது எங்க காட்டுல. கொல்லிமலைன்னும் போடுங்க" என்றார்.

இடம் நெருக்கமாகத்தான் இருந்தது. எழுத்தைச் சின்னதாக்கி அதையும் போட்டேன்.